இருநூற்று நாற்பத்தெட்டு முத்திரைகள்

2019 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை 10 மணி 42 நிமிடம். ஸ்ரீவைகுண்டத்தில் விடிந்ததிலிருந்து விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த மழை அந்த நேரத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் வங்கிக் கிளையின் வாசலில் பதினேழு குடைகள் கிடந்தன. ஒன்றில் கம்பி வளைந்திருந்தது. எண்ணுவது என் வழக்கம். எண்ணாவிட்டால் எனக்கு அடுத்த வேலை ஓடாது.

நவம்பர் என்றால் மத்திய அரசு ஓய்வூதியர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதற்கு, வங்கியில் உயிர்ச் சான்று கொடுக்கும் மாதம். என் கவுன்டருக்குப் பதினோராவது ஆளாக வந்தவர் மு. சங்கரலிங்கம். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. உயிர்ச் சான்றுப் படிவத்தை நீட்டுவார் என்று பார்த்தால், இரண்டு லட்ச ரூபாய் வைப்புநிதி ரசீதை நீட்டினார்.

"தம்பி, இத உடைச்சுரும்."

"என்ன அண்ணாச்சி, முதிர்வுக்கு ஏழு மாசம்தான கெடக்கு. வட்டி போயிரும்லா?"

"போனாப் போவுது. உடையும் வே, வரிசையில ஆளு நிக்காவ."

நான் உடைக்கவில்லை. உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். சட்டைப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். வேறொரு வங்கியின் கிரெடிட் கார்டு நோட்டீஸ். 1,36,480 ரூபாய் நிலுவை, ஏழு நாட்களுக்குள் கட்ட வேண்டும்.

"இந்தக் கார்ட எப்ப வாங்குனீய?"

"நான் எங்க வாங்குனேன்? ஏ.டி.எம்.ல பணம் எடுக்கவே எனக்கு அந்த வாட்ச்மேன்தான் துணைக்கு நிக்கான்."

"வாங்காத கடன எதுக்குக் கெட்டுதீய?"

"எம் பேரு போட்டிருக்கான். எங்கப்பா பேரு போட்டிருக்கான். கதவு நம்பரு போட்டிருக்கான். ரெண்டு பயலுவ பைக்குல வந்து தெருவுல நின்னு சங்கரலிங்கம், சங்கரலிங்கம்னு ஏலம் போடுதானுவ. எதுத்த வீட்டுக்காரி ஜன்னலத் தொறந்து வச்சுட்டுல்லா கேக்கா." பிறகு குரலைத் தணித்தார். "பேரனுக்குப் போலீஸ் வேல வருது. எழுத்துப் பரிச்ச, ஓட்டம் எல்லாம் பாஸாயிட்டான். இனி வீட்டு விசாரண ஒண்ணுதான் பாக்கி. இந்த நேரத்துல ஒரு கேசு கீசுன்னு வந்தா..."

"பேரங்கிட்ட கேட்டியளா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டு, அவன் ஆமான்னுட்டா?"

அவர் எதை நினைத்துப் பயந்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர்தான். இவர் பெயர் சங்கரலிங்கம், இவருடைய அப்பா முத்தையா. மகனுக்கு முத்தையா என்று வைத்தார். அந்த மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகனின் மகனுக்குச் சங்கரலிங்கம். ஆக ஒரே வீட்டில், ஒரே கதவு எண்ணில், இரண்டு மு. சங்கரலிங்கம். இருவருக்கும் தகப்பன் பெயர் முத்தையா. பான் கார்டில் அச்சாகும் இரண்டு பெயர்களும் ஒன்றே. மாறுபடுவது பிறந்த தேதி, எண், படம், கையெழுத்து மட்டும்.

எங்கள் ஓய்வு பெற்றோர் சங்க இதழுக்காக இதை எழுதுகிறேன். இப்போது கிளையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைக் கேட்டார்கள்: "எல்லாம் போன்லயே முடியுது, செராக்ஸ் காலமே போயிட்டு. கார்டு மோசடி பத்தி நீங்க எங்களுக்கு என்ன சார் சொல்லப் போறீங்க?" என்னிடம் சொல்வதற்கு இந்த ஒரு சங்கதி இருக்கிறது.

நான் 1984 பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இருபது ஆண்டுகளில் சொல்லும்படி அதிகம் இல்லை. பேரேடு, கூட்டல், மூன்று கிளைகள், ஒரு மஞ்சள் காமாலை. ஏரல் கிளைக்குப் போன பிறகுதான் கார்டுகள் வரத் தொடங்கின. அங்கே மேலாளராக இருந்தவர் சாகுல் ஹமீது சார். மேலப்பாளையத்துக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையின் ஒரே மூலையால் இரண்டு கண்ணாடிகளையும் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவனுக்குத் தன் தப்பு என்னவென்று தெரிந்துவிடும்.

கார்டுகள் ஒரு கட்டாகவும், அவற்றுக்கான ரகசிய எண் உறைகள் இன்னொரு கட்டாகவும் வேறு வேறு நாளில் தபாலில் வரும். கார்டுகளுக்கு ஒரு அதிகாரி பொறுப்பு, உறைகளுக்கு நான் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு, தனித்தனி அலமாரி, தனித்தனிச் சாவி. அந்த அதிகாரி விடுப்பில் போன ஒரு நாள், அவருடைய சாவியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஹமீது சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலாயுதம், ரெண்டும் ஒரு கைக்கு வரக் கூடாது. அது கள்ளன் கையா இருக்கணும்னு இல்ல. மறதிக்காரன் கையா இருந்தாலும் போதும்."

தொண்ணூறு நாட்கள் ஆகியும் யாரும் வாங்காத கார்டுகளை வெட்ட வேண்டும். அதை அவரே செய்வார், நான் பக்கத்தில் நிற்பேன். முதலில் பெயரை நடுவில் வெட்டுவார். பிறகு பின்புறக் கறுப்புப் பட்டையை மூன்று இடங்களில் வெட்டுவார். பிறகு எண்கள் துண்டுபடும்படி இரண்டு வெட்டு. ஒரு கார்டு ஏழு துண்டாகும். நான்கு துண்டுகள் ஓர் உறைக்குள், மூன்று துண்டுகள் இன்னோர் உறைக்குள். இரண்டு உறைகளையும் ஒரே நாளில் குப்பைக்கு அனுப்ப மாட்டார். இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம்.

நகல் விஷயத்தில் அவர் அதைவிடக் கண்டிப்பு. பான் கார்டு, குடும்ப அட்டை, எதன் செராக்ஸாக இருந்தாலும் கையில் வாங்கியதும் பேனாவை நீட்டி மூன்று கேள்விகள் கேட்பார். "இது யாருக்கு? எதுக்கு? என்னைக்கு?" மூன்றுக்கும் பதிலை நகலின் மேலேயே எழுத வேண்டும். ஓரத்தில் எழுதினால் ஏற்க மாட்டார். ஓரத்தைக் கத்தரித்துவிடலாம் அல்லவா? படத்தின் மேலும் எண்ணின் மேலும் சாய்வாக ஓட வேண்டும் எழுத்து. கையெழுத்து அந்த எழுத்தை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி எழுதிய நகலை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

ஏரலில் வாழைத்தார் வியாபாரி ஒருவருக்கு இது பொறுக்கவில்லை.

"என்ன மானேசர்வாள், ஒரு செராக்ஸுக்கு இம்புட்டுச் சோதனையா? எம் பொண்ணக் கெட்டிக் குடுக்கும்போதுகூட நான் இம்புட்டுக் கேள்வி கேக்கலையே."

"பொண்ணு எந்த வீட்டுக்குப் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. இந்தத் தாளு எந்த வீட்டுக்குப் போகும்னு தெரியாதே" என்றார் ஹமீது சார்.

வியாபாரி சிரித்துக்கொண்டே எழுதினார். நான்கு ஆண்டுகள் இரண்டு மாதங்கள் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் என் கவுன்டரில் அந்த மூன்று கேள்விகளை நான் விட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு அன்று நான் செய்தது இது. வைப்புநிதியை உடைக்காமல் ரசீதைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒரு ரூபா கூடக் கெட்டாதீய. கெட்டுனா, கடன் நம்மளதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றேன். நோட்டீஸில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசவில்லை. நோட்டீஸே பொய்யாக இருக்கலாம். அந்த வங்கியின் சொந்த இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். நோட்டீஸ் உண்மைதான் என்றார்கள். கார்டை முடக்கச் சொல்லிப் புகார் எண் வாங்கினேன். விண்ணப்பத்தின் நகல், அதோடு கொடுத்த ஆவணங்கள், கார்டை வீட்டில் கொடுத்ததற்கான ரசீது, மூன்றையும் எழுத்து மூலம் கேட்டு அவர் கையெழுத்தில் பதிவுத் தபால் அனுப்பினோம். கடன் தகவல் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கொடுக்கும் அறிக்கையையும் அவர் பெயரில் எடுத்துப் பார்த்தேன். வேறு கார்டோ கடனோ இல்லை. இந்த ஒன்றுதான்.

டிசம்பர் 9, திங்கட்கிழமை, பதில் வந்தது. உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். விண்ணப்பத்தில் பெயர், முகவரி, பான் எண், ஓய்வூதியத் தொகை எல்லாம் அவருடையவை. செல்போன் எண் மட்டும் யாருடையதோ. விண்ணப்பத்தின் அடியில், "அசல் ஆவணங்களைப் பார்த்தேன்" என்று கார்டு ஏஜென்ட் கையெழுத்துப் போட்டிருந்தான். கூரியர் ரசீதில் வாங்கியவர் பெயர் மு. சங்கரலிங்கம். ஆங்கிலக் கையெழுத்து. அண்ணாச்சி தமிழில்தான் கையெழுத்துப் போடுவார்.

கடைசித் தாள் பான் கார்டு நகல். அதில் அண்ணாச்சியின் தமிழ்க் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை: "அசலுடன் ஒப்பிடப்பட்டது". முத்திரைக்குள் ஒரு சுருக்கொப்பம். அது என்னுடையது.

தேதி இல்லை. யாருக்கு என்று இல்லை. எதற்கு என்றும் இல்லை.

2017 நவம்பரில் நான் செய்த காரியம் அது. கிளையில் அறுபத்திரண்டு ரயில்வே, தபால் ஓய்வூதியர்கள். ஒருவருக்கு ஆறு நிமிடம் வீதம் முந்நூற்று எழுபத்திரண்டு நிமிடம் ஆகிறது என்று கணக்குப் போட்டேன். நவம்பரில் உயிர்ச் சான்று, ஏப்ரலில் வரிப் படிவம், இடையில் வாடிக்கையாளர் விவரம் என்று ஒரே நகலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வயதானவர்கள் மழையில் நிற்கிறார்கள். அதனால் ஒவ்வொருவரையும் பான் நகலும் ஓய்வூதியச் சீட்டு நகலும் சேர்த்து நான்கு செட் கொண்டுவரச் சொன்னேன். அசலைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, நான்கிலும் முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "அடுத்த தடவ இதுல ஒண்ண எடுத்துட்டு வந்தாப் போதும், வரிசையில நிக்க வேண்டாம்." எப்போது எதற்குப் பயன்படும் என்று தெரியாததால் எதையும் எழுதவில்லை. எல்லாரும் என்னை வாழ்த்தினார்கள். ஒருவர் வீட்டுக்கே ஒரு சீப்பு கதலி அனுப்பினார். அறுபத்திரண்டு பேருக்கு நான்கு வீதம் இருநூற்று நாற்பத்தெட்டு செட். ஒரு வங்கியின் முத்திரையோடு, எதற்கும் பயன்படும்படி வெளியே போயிருந்தன.

"என்ன தம்பி, மொகம் வெளுத்துட்டு?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல. நான் படிச்சுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

மூன்று நாட்கள் சொல்லவில்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதங்களுக்குக் கீழேதான் இருந்தது. குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் பணிக்கொடை நிற்கும், ஓய்வூதியம் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும். அப்படி நின்றவர்கள் நான்கு பேரை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் என் மனைவியிடம் சொன்னேன்.

"நான் வாயத் தொறக்கலன்னா யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்லா. ஏற்கெனவே கதவப் பூட்டிட்டு மூணு தடவ ஆட்டிப் பாக்கிய. இதுவும் சேந்தா வீட்டுல நான் எப்படிக் குடியிருக்க?" என்றாள் அவள்.

மறுநாள் வியாழக்கிழமை மாலை அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். மருமகள் பேச்சியம்மாள் காப்பி கொடுத்தாள். பேரன் விடுப்பில் வந்திருந்தான். இருபத்து மூன்று வயது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படித்தவன். கூரியர் ரசீதைக் காட்டினேன்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்." அவன் தயங்கவே இல்லை. "மார்ச் மாசம் நாந்தான் வாங்குனேன். ஆனா அது வரலையே சார், ரிஜெக்ட் ஆயிட்டே."

கதை இப்படி வெளியே வந்தது. கடைக்கு அடிக்கடி வரும் ஒரு கார்டு ஏஜென்ட், "உனக்கும் ஒண்ணு போட்டுத் தாரேன்லே, பான் செராக்ஸ் மட்டும் குடு" என்றிருக்கிறான். இவன் அம்மாவுக்குப் போன் செய்தான். அம்மா அலமாரியிலிருந்து ஒரு செட் எடுத்து, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள். கண்டக்டரிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டவன் அந்த ஏஜென்ட்.

"நான் நாலாங்கிளாசு, சார்" என்றாள் பேச்சியம்மாள். "துரை பேரு இங்கிலீசுல எப்படி இருக்கும்னு எனக்கு அடையாளம் தெரியும். அதப் பாத்துத்தான் எடுத்தேன். போட்டோவுல கரி அப்புனாப்புல இருந்துச்சு. பிளாஸ்டிக் கவருல பத்திரமா வேற வச்சிருந்தாவளா, அதுதான் நல்லதுன்னு எடுத்துட்டேன்."

வீட்டில் பேரனுக்குத் துரை என்றுதான் பெயர். மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட முடியாது. ஆகவே இருபத்து மூன்று ஆண்டுகளில் அவள் தன் மகனின் பெயரை ஒரு முறை கூட வாயால் சொன்னதில்லை.

"கூரியர்க்காரன் வந்தப்ப என்ன நடந்துச்சு?"

"பேரச் சொல்லி, அது யாருன்னு கேட்டான். மாமா பேர நான் எங்கன சொல்ல? உள்ள இருக்காவன்னு சொல்லிட்டு, துரையக் கூப்பிட்டேன். எந்த ஊர்க்காரனோ, அவனுக்குத் தாத்தாவ வேணுமா பேரன வேணுமான்னு அவனும் கேக்கல."

துரை தன் ஆதாரைக் காட்டினான். பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, முகவரி சரி. கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினான்.

"பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல சார். ஒட்டுன கவரோட குடு, நான் ஆக்டிவேட் பண்ணித் தாரேன், நீ பிரிச்சா செல்லாதுன்னு சொன்னான். குடுத்துட்டேன். பத்து நாள் கழிச்சு ரிஜெக்ட் ஆயிட்டுன்னான். அப்புறம் கடைப்பக்கமே வரல."

ஏஜென்டின் கையில் கிடைத்தது எழுபத்தெட்டு வயது ஓய்வூதியரின் பான் நகல், நிலையான வருமானச் சீட்டு, ஒரு வங்கியின் முத்திரை. கடைப் பையனின் பெயரில் விண்ணப்பித்தால் இருபதாயிரம் வரம்பு கிடைக்கும். இந்தச் செட்டுக்கு ஒன்றே கால் லட்சம். செல்போன் எண்ணைத் தன்னுடையதாகப் போட்டுக்கொண்டான். பதினோரு வாரங்களில் கார்டு முழுவதும் தீர்ந்திருந்தது. பிறகு வட்டியும் அபராதமும்.

அண்ணாச்சி இதையெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ எடுக்கலையா?" என்றார்.

"எத?"

"பணத்த."

துரை அவரைப் பார்த்தான். "நான்னு நினைச்சீயளா தாத்தா? இத்தன நாளா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருலே. நான் எடுக்கல. அப்ப வேற யார நினைக்க?"

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். நவம்பர் 18 முதல் அன்று வரை இருபத்து நான்கு நாட்கள் அந்த வீட்டில் அவர் பேரனோடு சாப்பிட உட்காரவில்லை என்று பேச்சியம்மாள் சொன்னாள். வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். முத்திரையைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன்; அன்றும் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அவர் மனம் தெளிந்துவிட்டது. காரியம் தெளியவில்லை. கார்டு வங்கியை நான் அதற்குள் ஏழு முறை அழைத்திருந்தேன், மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடங்கள். அவர்கள் பதில் மாறவில்லை. கார்டு சரியான முகவரியில், அடையாளம் பார்த்து, குடும்பத்தவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர்மேல் போலீஸில் புகார் செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை அனுப்புங்கள். இல்லையென்றால் பணத்தைக் கட்டுங்கள்.

டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை, 11 மணிக்கு அண்ணாச்சி, துரை, நான் மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே புகார்களைப் பதியும் ரைட்டர் என் வயதுக்காரர், மீசையைச் சீவி வைத்திருந்தார். தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

"புகார் குடுக்கது யாரு?"

"மு. சங்கரலிங்கம்" என்றார் அண்ணாச்சி.

"தகப்பனார்?"

"முத்தையா."

"யார் மேல?"

நான் கூரியர் ரசீதை அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார்.

"மு. சங்கரலிங்கம், தகப்பனார் முத்தையா, அதே கதவு நம்பர்." நிமிர்ந்து பார்த்தார். "வே பெரியவரே, உம்மள நீரே பிடிச்சு உள்ள போடச் சொல்லுதீரா?"

பக்கத்து மேசையில் ஒரு பெண் காவலர் சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ரைட்டர் முகம் மாறியது.

"தம்பி செலக்ஷன் ஆயிருக்கானா? எந்த பேட்ச்?" துரை சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்தார். "இந்தச் சீட்ட வச்சு நான் எப்.ஐ.ஆர். போட்டா முதல் பேரு இவன் பேருதான். விசாரணையில விடுபடலாம். அதுக்கு ரெண்டு வருசமோ மூணு வருசமோ ஆவும். வெரிஃபிகேஷனுக்கு வாரவன் கேசு இருக்கான்னு பாப்பான், இருக்குன்னு எழுதுவான். அம்புட்டுதான்."

அண்ணாச்சி மேசையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "நான் பணத்தக் கெட்டிருதேன். வாலே, போவோம்."

அவர் கடைசியாக எடுத்த தாள் பான் நகல். அதன் மேல் நான் கையை வைத்தேன்.

"இந்த முத்திரை நான் குத்துனது" என்றேன்.

ரைட்டர் என்னைப் பார்த்தார். சொன்னேன். ஓய்வூதியத்துக்காக 2017 நவம்பரில் நான் முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுத்த நகல் இது. அசல் பான் கார்டு பெரியவர் வீட்டைவிட்டுப் போனதில்லை. அப்படியிருக்க, விண்ணப்பத்தில் "அசலைப் பார்த்தேன்" என்று ஏஜென்ட் எழுதியது பொய். என் முத்திரையை வைத்து அசலைப் பார்த்ததாக அவன் ஒப்பேற்றியிருக்கிறான். விண்ணப்பத்தில் உள்ள செல்போன் எண் இந்த வீட்டில் யாருடையதும் இல்லை. விண்ணப்பக் கையெழுத்தும் பெரியவருடையது இல்லை. நான் இருபத்தைந்து ஆண்டுகள் கையெழுத்து ஒப்பிட்டவன். ஒட்டிய உறையை வாங்கிக் கொடுத்ததைத் தவிர இந்தப் பையன் எதுவும் செய்யவில்லை. அவன் சாட்சி.

"இத எழுதிக் குடுப்பீரா?"

"குடுப்பேன்."

"உம்ம வேலைக்கு ஆபத்து வராதா வே?"

"வரும்."

"எம்புட்டு?"

"இன்னும் கணக்குப் போடல" என்றேன்.

அவர் எனக்கு ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் கொடுத்தார். ஒரு பக்கமும் ஐந்து வரியும் எழுதினேன். மேலே சாய்வாக, இது யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரைட்டர் அதை வாசித்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் ஏஜென்டின் பெயரை எழுதினார். சாட்சிகள்: ஒன்று துரை, இரண்டு நான்.

அன்று மாலையே என் கிளை மேலாளரிடம் அதே வாக்குமூலத்தின் நகலைக் கொடுத்தேன். அவர் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர், நல்ல அம்மா. "கார்டு நம்ம பேங்க் கார்டே இல்லையே சார். ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்றார். கேட்டிருந்தால் தடுத்திருப்பார் என்பதால்தான் கேட்கவில்லை.

எப்.ஐ.ஆர். நகலும் என் வாக்குமூலமும் கார்டு வங்கிக்குப் பதிவுத் தபாலில் போயின. முப்பது நாட்களில் பதில் இல்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். அதன் பிறகு பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது: நிலுவை ரத்து, கணக்கு மூடப்பட்டது, கடன் அறிக்கையிலிருந்து நீக்கப்படும். நீக்கினார்களா என்று நானே எடுத்துப் பார்த்தேன். நீக்கியிருந்தார்கள். ஏஜென்ட் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். இதுவரை பிடிபட்டதாகத் தகவல் இல்லை. வீட்டு விசாரணை ஜனவரியில் முடிந்தது. துரைமேல் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். அவன் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் காவலராக இருக்கிறான். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையில் மு. சங்கரலிங்கம் என்று இருக்கிறது. பேச்சியம்மாள் அதைத் துடைத்துக் கொடுப்பாள், வாசிக்க மாட்டாள்.

என்மேல் வங்கியின் துறை விசாரணை நடக்கும்போதே நான் இன்னொரு வேலையைத் தொடங்கிவிட்டேன். மீதி முத்திரைகளைத் தேடிப் போனேன். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் என்று பஸ்ஸில் அலைந்து அறுபத்திரண்டு வீடுகளின் கதவைத் தட்டினேன். ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒரு வீட்டில் என் முத்திரைத் தாள் அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்தது. ஒரு வீட்டில் பேத்தி பின்பக்கத்தில் வீட்டுப் பாடம் எழுதி, பள்ளியில் கொடுத்துவிட்டாள். ஆழ்வார்திருநகரியில் ஒரு தபால்காரர் நான்கு செட்டையும் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். "நீரு குத்திக் குடுத்ததாச்சே, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அவர் கையிலேயே பேனாவைக் கொடுத்து நான்கிலும் குறுக்கே எழுத வைத்தேன். வங்கியிலேயே பயன்பட்டவை முப்பத்தொன்று. கிடைத்துச் செல்லாததாக்கியவை இருநூற்றொன்று. கார்டு வாங்கப் போன அந்த ஒன்றையும் சேர்த்துக் கணக்கில் வராதவை பதினாறு. அந்தப் பதினாறும் ஒன்பது பேருடையவை. ஒவ்வொரு ஜனவரியும் அந்த ஒன்பது பேரையும் போனில் அழைத்து, அந்த ஆண்டின் இலவசக் கடன் அறிக்கையை எடுக்க வைக்கிறேன். இரண்டு பேர் என் குரலைக் கேட்டதும் "எடுத்தாச்சு வே, எடுத்தாச்சு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். எடுத்திருக்க மாட்டார்கள்.

கிளையில் இருக்கும் பிள்ளைகளுக்கு: செராக்ஸ் காலம் போகவில்லை. இப்போது செல்போனில் பான் கார்டைப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் தேதி இல்லாத நகல்தான். படம் பிடிப்பதற்கு முன் ஒரு சிறு தாளில் எழுதிக் கார்டின் மேல் வைத்தாவது, யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று தெரியும்படி செய்யுங்கள். ஆதாரில் முதல் எட்டு எண்கள் மறைந்த நகலைக் கொடுங்கள், பெரும்பாலான இடங்களில் அது போதும். கார்டு வந்தால் உறையை நீங்களே பிரியுங்கள்; உங்களுக்காக "ஆக்டிவேட்" செய்ய முன்வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரின் தாள்களும் ஒரே உறையில் இருக்க வேண்டாம். வாடிக்கையாளருக்கு உதவுவதாக நினைத்து நிமிடங்களை மிச்சம் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன்.

துறை விசாரணையில் என்னை இரண்டே கேள்விகள் கேட்டார்கள். முத்திரை உங்களுடையதா? ஆம். தேதி ஏன் இல்லை? நான் போடவில்லை. நானே முன்வந்து சொன்னதால் பணிக்கொடையைத் தொடவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை ஓர் ஊதிய உயர்வைக் குறைத்தார்கள். 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை மாதம் 1,120 வீதம் பதினான்கு மாதங்களுக்கு 15,680 ரூபாய். கடைசிப் பத்து மாதச் சராசரியில்தான் ஓய்வூதியம் கணக்கிடுவார்கள் என்பதால் அதிலும் மாதம் 560 குறைந்தது. இந்த மாதம் வரை ஐம்பத்தேழு மாதங்களுக்கு, அகவிலைப்படியைச் சேர்க்காமல், 31,920. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை பஸ் கட்டணம் 1,412. பதிவுத் தபாலும் செராக்ஸும் 338. மொத்தம் நாற்பத்தொன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.